பயமுறுத்த ஆள் தேவை

"நான் பெரியவளாகி கொழுந்து லாரி ஓட்டுவேன்" என்று ரோஸ்மேரி வீட்டுக்குள் சொல்லியிருந்தால் ஞானசீலன் பொறுத்துக்கொண்டிருப்பார். பாவி மகள், சர்ச் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு முன்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் சமர்த்தாக டாக்டர், கலெக்டர் என்று சொல்லிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போயின. இவள், இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள், சொன்னதோடு நிற்காமல் லாரி கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும் சத்தத்தையும் மைக்கில் போட்டுக் காட்டினாள். பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஞானசீலனுக்கு மானம் போயிற்று. தேவர்சோலைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் அவர் ஹெட் கிளார்க். ஆபீஸில் சுழல் நாற்காலி அவருக்கு மட்டும்தான்.

"எல்லாம் நீ குடுக்கற செல்லம்" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி ஐவி மேல் பாய்ந்தார். "என்ற புள்ள லாரி ஓட்டறதா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஆபீஸ்ல உக்காருவேன்?"

"அவ குழந்தைதானுங்க. போன மாசம் பலூன் விக்கப் போறேன்னா. கண்டுக்காம விடுங்க."

"அப்படி விட்டாத்தான் கெட்டுப் போகும். பயமுறுத்தி வைக்கோணும்."

பயமுறுத்த அவரே ஒரு ஆளையும் கண்டுபிடித்தார். பறித்த தேயிலைக் கொழுந்தை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் எஸ்டேட் லாரியின் டிரைவர் சுடலைமணி. அவர் வாயாலேயே அந்தப் பிழைப்பின் லட்சணத்தைக் கேட்டால் பிள்ளை தெளிந்துவிடும் அல்லவா!

"ஒரு கஷ்டம் விடாமச் சொல்லோணும், மணி. பாப்பா பயந்து அலறோணும்" என்று போனில் சொன்னார்.

"சரிங்க சார்" என்ற சுடலைமணி, சாயங்காலமே சலவைச் சட்டையோடு வந்துவிட்டார். ரோஸ்மேரி அவருக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பா, இது பொல்லாத வேலை" என்று ஆரம்பித்தார். "ஒரு நாளு வளைவுல திரும்பறேன், ரோட்டுக்கு நடுவுல கொம்பன் யானை! எஞ்சினை அணைச்சு, லைட்டை அணைச்சு, மூச்சக்கூட அடக்கிட்டு உக்காந்திருக்கறேன். கிட்ட வந்து கண்ணாடி மேல தும்பிக்கைய வெச்சுது பாரு..."

"வெச்சு?"

"பின்னாடி போய்க் கொழுந்து மூட்டை ஒண்ண இழுத்துப் போட்டு, ஒரு வாய் தின்னுது. கசந்துருச்சு போல. மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிருச்சு."

ரோஸ்மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஞானசீலன் பலமாக இருமினார்.

"ஆனா பயங்கரம் பாப்பா" என்று சுதாரித்தார் சுடலைமணி. "மூடுபனி இருக்குதே, எதுக்கால என்ன வருதுன்னே தெரியாது. வழி பூரா ஹாரன் அடிச்சுட்டேதான் போகோணும்."

"வழி பூராவா? யாரும் திட்ட மாட்டாங்களா?"

"அடிக்காட்டித்தான் திட்டுவாங்க!"

இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கும்?

"நின்னு மூச்சு வாங்கவும் முடியாது. நேரமானா மூட்டையில கொழுந்து சூடாகிக் கெட்டுப் போயிரும். ஃபேக்டரியில அத்தன பேரும் வாசலையே பாத்துட்டு நிப்பாங்க. நாம போய் இறங்கினாத்தான் அங்க வேலையே நடக்கும்..."

எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்து போயிற்று. இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டிருந்தார். எதிரே ரோஸ்மேரியும் வளைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐவி, இவள உள்ள கூட்டிட்டுப் போ!"

ரோஸ்மேரி சமையலறை வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

"பயமுறுத்தச் சொன்னா வேலைக்கு ஆள் சேக்கறயா நீ?" என்று பல்லைக் கடித்தார் ஞானசீலன்.

"பயமுறுத்தத்தானுங்க சார் ஆரம்பிச்சேன். பேசப் பேச எனக்கே குஷியாயிருச்சுங்க."

அப்போது ஞானசீலனின் செல்போன் அடித்தது. மேனேஜர். சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு, விறைப்பாக நின்றார்.

"எஸ் சார்... இல்லீங்க சார், அது புதுசா வந்த தம்பி பண்ணினது... எஸ் சார், என் தப்புதான் சார்... ரொம்ப சாரி சார்... முட்டாள்தான் சார்... இதோ, இப்பவே வந்தர்றேன் சார்."

எதற்கென்று தெரியாமலே சுடலைமணியும் எழுந்து நின்றார். ஞானசீலனைப் பார்க்கப் பாவமாக இருந்தது அவருக்கு.

"ஆபீஸுக்குப் போகோணும்" என்று ஸ்வெட்டரைத் தேடினார் ஞானசீலன்.

"ஞாயித்துக்கிழமையுங்களா சார்?"

"பெரிய பொறுப்புல இருந்தா அப்படித்தான். லாரி ஓட்டறவனுக்கு அதெல்லாம் எங்க புரியப் போகுது?"

சுடலைமணி வாசல் வரை போய், திரும்பி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்ன, லீவு வேணுமா?"

"அதில்லீங்க சார். என்ற சின்னப் புள்ள, உங்களாட்டவே ஆபீஸ் கிளார்க் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது. நாளைக்கு நம்மூட்டுக்கு ஒரு எட்டு வந்து, நீங்க கொஞ்சம் பயமுறுத்திட்டுப் போறீங்களா?"