பத்துக் கோப்பை

"குண்டு எறிதல். இரண்டாம் பரிசு."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்ததைச் சத்தமாகப் படித்தார் முத்துவடிவு ஆச்சி. மேலகரம் கல்யாண மண்டபத்தில் சீர்ப்பாத்திரங்களைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

தாலி கட்டி, பந்தியும் முடிந்து, சீரை வேனில் ஏற்றுகிற நேரம். வெளியே சாரல் பிடித்துவிட்டது. ஆச்சி செங்கோட்டைக்காரர், மாப்பிள்ளையின் அத்தை. எதில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு கரண்டியைக்கூட ஏற்றவிடமாட்டார்.

அடுத்தது தூக்குவாளி. "நீளம் தாண்டுதல், இரண்டாம் பரிசு." இட்லிக் கொப்பரை. "நீச்சல், இரண்டாம் பரிசு." டிபன் கேரியர். "இறகுப்பந்து... இதுவுமா? ஏட்டி உமா, ரெண்டுக்கு முன்னால ஒண்ணுன்னு ஒண்ணு இருக்கது ஒங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

மணப்பெண் உமாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். மூக்கு நுனி சிவந்துவிட்டது. போகிற வீட்டில் நாளைக்கு இட்லி அவிக்கும்போதும் இந்தச் சிரிப்பு கேட்குமே என்று அவளுக்குக் கவலை.

அண்ணன் குமரகுரு அண்டாவைத் தோளில் வைத்தபடி நின்றான். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கைக்குச் சீர் சேர்த்தது அவன்தான். தென்காசி வட்டாரத்தில் ஓட்டமோ, தாண்டலோ, பந்தோ, எந்தப் போட்டி என்றாலும் அவன் பெயர் இருக்கும். அவனுக்குப் பட்டப்பெயரே 'ரெண்டு'தான்.

"அந்த அண்டாவையும் காட்டு, பாப்போம். கல் தூக்குதல், இரண்டாம் பரிசு. நெனச்சேன்!"

இப்படியே ஒன்பது பாத்திரம் ஆயிற்று.

"மொத ஆளு யாருன்னு கேளுங்க ஆச்சி!" வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நம்பிராஜன் நெஞ்சை நிமிர்த்தினான். குமரகுருவின் கூட்டாளி அவன். "நாந்தான். எங்க வீட்டு அலமாரில பத்துக் கோப்பை இருக்கு. தொடச்சுத் தொடச்சு எங்கம்மைக்குக் கை நோவுதாம்."

"பத்தா? அப்ப இவன் ஒண்ணுலகூட ஜெயிக்கலியாலே?"

நம்பிராஜன் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டான்.

கடைசியாக இருந்தது ஒரு வெண்கல உருளி. நல்ல கனம். ஆச்சி அதைத் திருப்பி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை வாசித்தார்.

"தென்காசி குற்றாலம் சைக்கிள் பந்தயம். முதல் பரிசு."

உமாதேவி நிமிர்ந்தாள்.

"இது எப்படிலே நடந்துச்சு?" என்றார் ஆச்சி.

"அத ஏன் கேக்கீய ஆச்சி!" என்றான் நம்பிராஜன். "அன்னைக்கு நான் நாக்குத் தள்ளிக்கிட்டு குத்தாலம் போய்ச் சேருதேன். இவன் டீ குடிச்சு, அருவில குளிச்சு, தலையத் துவட்டிக்கிட்டு நிக்கான். ஆனாலும் என்ன, ரெண்டாவதா வந்ததுக்கும் எனக்குக் கோப்பைதான் குடுத்தாவ."

மண்டபமே சிரித்தது. ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. உருளியையும் குமரகுருவின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேன் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டான். யாரும் நகரவில்லை.

"இந்த மிதி மிதிக்கத் தெரிஞ்சவன் மத்த ஒம்பதுலயும் ஏன்யா பிந்துன?"

குமரகுரு அண்டாவை மெதுவாகக் கீழே இறக்கினான். தங்கையின் முகத்தை ஒருதரம் பார்த்தான். திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி தலையைச் சொறிந்தான்.

"மத்த ஒம்பதுலயும் மொதப் பரிசு வெறுங் கோப்பைல்லா, ஆச்சி."