வெளியேறிய நேரம்

"அந்தக் கட்டத்து மேல ரெண்டு தடவை தட்டுங்க. பயப்படாதீங்க, கடிக்காது."

புதியவள் தட்டினாள். வருகைப் பதிவுத் திரையில் 302-ஆம் எண் தொழிலாளியின் வரிசை திறந்துகொண்டது. உள்ளே வந்தது காலை 6.50. வெளியே போனது 6.51.

"ஒரு நிமிஷம் வேலை பாத்துட்டுப் போயிட்டாராக்கா?"

"கார்டை ரெண்டு தரம் தேய்ச்சிருப்பார், அவசரக்குடுக்கை. நாமதான் கையால திருத்தணும். மெஷினுக்கு மூளை கிடையாது, நமக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் இந்த வேலை."

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வந்திருந்த அந்த அக்கா, தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டாள். புதியவளுக்கு இது முதல் நாள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. இந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் அவளும் சிரித்துவைத்தாள்.

"அடுத்தது 417. போன மாசம் பத்தாம் தேதி. இதை இன்னைக்கே முடிச்சாகணும். பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்."

உள்ளே வந்தது காலை 6.02. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலியாக, சிவப்பாகக் கிடந்தது.

"அதுல ஒண்ணு முப்பதுன்னு போடுங்க."

புதியவளின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"இவர் வெளிய போகவே இல்லையேக்கா."

"எப்படிப் போவார்? ரெண்டு மணிக்கு பாய்லர் வெடிச்சுச்சே, அதுல போன ஆள் இவர்தான்."

ஜன்னலுக்கு வெளியே, கொதிகலன் கூடத்தின் கருகிய சுவருக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணரைக்கே கிளம்பிட்டார்னு இருந்தா, அப்புறம் அவரா திருட்டுத்தனமா உள்ள நுழைஞ்சதா ஆயிடும். கம்பெனி மேல தப்பில்ல. இல்லேன்னா பாய்லரைப் பழுது பாக்காம விட்டது யாருன்னு கேள்வி வரும். குடும்பத்துக்கு நஷ்ட ஈடு குடுக்கணும். மேனேஜர் உள்ள போகணும்."

"செத்தவர் மேலயா பழியைப் போடறது?"

"உயிரோட இருக்கறவன் மேல போட்டா சண்டைக்கு வருவானே." இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் மனசு கல்லா என்ன? நீங்க மாட்டேன்னா, சாயங்காலத்துக்குள்ள இதே நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்திருப்பா. நேரம் எப்படியும் மாறத்தான் போகுது. உங்க பொழப்பைப் பாருங்கம்மா."

புதியவள் நேரத்தை அடித்தாள். ஒரு தப்பு விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். காரணம் கேட்டு ஒரு பட்டியல் இறங்கியது. அக்கா விரலால் காட்டிய வரியைத் தேர்ந்தெடுத்தாள்: 'கார்டு தேய்க்க மறந்துவிட்டார்.'

"யார் மாத்தினதுன்னு பதியுமாக்கா?"

"பதியாம? அதை யாராலும் அழிக்க முடியாது. அதனாலதான் உங்க லாகின்லயே நடக்கணும்னு மேனேஜர் ஒத்தக்கால்ல நின்னார். நான் செஞ்சு குடுத்துட்டுப் போறேன்னேன், கையே வைக்கக் கூடாதுன்னுட்டார். என்ன கணக்கோ அந்த மனுஷனுக்கு."

"அவர் வீட்டுலேர்ந்து நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனா?"

"எங்க போறது? சம்சாரத்துக்கு இங்கயே ஒரு வேலை போட்டுக் குடுத்தாச்சாம். இன்னைக்குத்தான் சேர்றாளாம், பாவம். எந்த செக்‌ஷன்லன்னுதான் தெரியல."

புதியவள் 'சேமி' என்பதை அழுத்தினாள். மாற்றியவர் யார் என்ற கட்டத்தில், தன் புருஷனின் எண்ணுக்கு நேராக, அவள் பெயர் வந்து உட்கார்ந்தது.