நல்வரவு

படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள் கிருஷ்ணப்பிரியா.

கையில் பூங்கொத்தோடு அசோக் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கம்பெனியின் பெயர்ப்பலகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்தான், ஆனாலும் பளிச்சென்று: மண்ணூர்பேட்டை, அம்பத்தூர்.

'எங்கள் குடும்பத்தின் புதிய உறுப்பினர்' என்று தலைப்புக் கொடுத்து அவன் முழுப்பெயரையும் போட்டிருந்தார்கள்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வீட்டை விட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இருவரும் இணையத்தில் எங்கும் முகம் காட்டியதில்லை. போன் நம்பரை மாற்றினார்கள். பாரிவாக்கத்தில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, சொந்த ஊர் எது என்று கேட்டவர்களிடம் வேறொரு ஊரைச் சொன்னார்கள்.

ஒரே ஊர்தான் இருவருக்கும். தெருதான் வேறு.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு இவர்களை அனுப்பிவைத்த அன்று, அவள் அண்ணன் பரந்தாமன் சத்தமே போடவில்லை. வாசல்வரை கூடவே வந்தான். எங்கே இருந்தாலும் ஒரு நாள் வந்து பார்ப்பேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

அசோக்குக்கு இருந்த வேலை போனபிறகுதான் சிக்கல். எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டான். ஒருவரும் கூப்பிடவில்லை. வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு பெண்தான் கடைசியில் காரணத்தைச் சொன்னாள். நெட்டில் தேடினால் ஆளே கிடைக்கவில்லை, ஒரு போட்டோகூட இல்லை, இப்படி இருந்தால் போலி என்றுதான் நினைப்பார்கள்.

நெட்டில் படம் போடவே வேண்டாம் என்றாள் கிருஷ்ணப்பிரியா. ஆனால் வயிற்றில் பிள்ளை. மாதம் ஏற ஏற அவளால் அதை அழுத்திச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவளே அவனை வெள்ளைச் சட்டை போடச் சொல்லி, வெறும் சுவருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அதை நெட்டில் ஏற்றியபோது ஊர் பெயர் போடவில்லை. படித்த காலேஜ் பெயரும் போடவில்லை.

அடுத்த வாரமே இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள்.

இன்று வேலையில் முதல் நாள். கேட்காமலே படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று காலையில் அவன்தான் போனில் சொன்னான். உடனே எடுக்கச் சொல் என்றாள்.

"சேந்த அன்னிக்கே அதைத் தூக்குங்கன்னு எப்படிக் கேக்கிறது பிரியா? நாளைக்குப் பேசிக்கிறேன். யாரு பாக்கப்போறா?"

அதன்பிறகு மதியம்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட வேலை செய்பவர்களின் வாழ்த்துகள்தான் வரிசையாக வந்தன. அவளையும் அறியாமல் அசந்துவிட்டாள்.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எழுந்ததும் போனைத்தான் எடுத்தாள்.

வாழ்த்துகளுக்கு நடுவே ஒன்று புதிதாக இருந்தது. மதியமே போட்டது.

'வாழ்த்துகள் மாப்பிள்ளை.'

போட்டவர் பரந்தாமன்.

அசோக்கின் பெயரைக்கூட வாயால் சொல்லாத அண்ணன். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது அதைப் படித்ததும் முதலில் வாசல் கதவைத்தான் பார்த்தாள்.

அசோக்கைக் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். அதேதான்.

படத்துக்குக் கீழே கம்பெனி நம்பர் இருந்தது. நெடுநேரம் அடித்தபிறகு வாட்ச்மேன் எடுத்தார். அசோக் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றாள்.

"அவரு அப்பவே கெளம்பிட்டாரும்மா. மச்சான்னு ஒருத்தரு கார் எடுத்துகினு வந்தாரு. தோள்ல கைய போட்டு இட்டுகினு போனாரு. ஊட்டுக்குத்தான் வராங்க, திடீர்னு வந்து நிக்கணுமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் போனை வைப்பதற்குள் கீழே ஒரு கார் வந்து நின்றது.

போய்க் கதவைத் தாழிட்டாள். விளக்கை அணைத்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

கார்க் கதவைச் சாத்தும் சத்தம் ஒரு தடவைதான் கேட்டது.

படியில் ஒரே ஆளின் காலடி. அவசரமில்லாமல் ஏறி வந்தது. ஒவ்வொரு படியிலும் செருப்பு சரக் சரக்கென்று தேய்ந்தது.

அசோக் காலையில் ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தான்.