குட்டி ஹாரன்

“விடிகாலை முதல் வண்டியில, வாய்க்கால் கேட் பக்கத்துல குட்டியா இன்னொரு ஹாரன் அடிக்கிறது உங்கள்ல யாருங்க?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டவள் அந்த வாய்க்கால் கேட்டின் கேட் கீப்பர். எல்லாரும் தட்டோடு அலைய, அவள் மட்டும் வெறுங்கையோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நகர ரயிலின் ஊழியர் தினம். பணிமனையிலிருந்த பெட்டிகளை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். கிரீஸ் வாசனை மட்டும் வெளியே போகவில்லை. வருஷக்கணக்காக வெறும் குரலாக மட்டுமே தெரிந்தவர்களுக்கெல்லாம் இன்றைக்குத்தான் முகம் முளைத்திருந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து போனில் ஊரையே உருட்டி மிரட்டுகிறவர், ஊதினால் பறந்துவிடுவதுபோல் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றார். இந்த உடம்புக்குள்ளா அந்தக் குரல் என்று தண்டவாளம் பழுது பார்க்கிறவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். பெட்டி கழுவுகிற பெண்கள், தினமும் தாங்கள் பொறுக்கும் குப்பையைப் பற்றி மைக்கில் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர்கள் மேசையில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டை நெருங்கும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும், அதுதான் விதி. அதற்குமேல் அடித்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாற்காலி தள்ளி இன்ஸ்பெக்டர் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்க ஹாரன் குட்டியெல்லாம் போடாதும்மா,” என்றார் ஒருவர். மேசையே சிரித்தது.

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் டிக்கெட் கவுன்டர் பெண். பழகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அக்கா என்று உறவு கொண்டாட ஆரம்பித்திருந்தாள். யாரைத் தேடுகிறாள், எதற்குத் தேடுகிறாள் என்று தெரியாவிட்டால் கவுன்டர் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்காதுபோல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வாயைப் பிடுங்கினாள்.

பெரிதாக ஒன்றுமில்லை என்றாள் கேட் கீப்பர். முதல் வண்டி நீளமாக ஹாரன் அடித்துவிட்டு, பின்னாலேயே குட்டியாக இன்னொன்று அடிக்கும். அதற்குப் பதிலாகக் கேட்டிலிருந்து பச்சைக்கொடி தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றும். அதுவும் விதியில் இல்லாததுதான். பல வருஷப் பழக்கம். பேச்சு வார்த்தை கிடையாது. வண்டி போகிற வேகத்தில் தெரிவது ஒரு தொப்பி, ஒரு கை, அவ்வளவுதான்.

“மூஞ்சியே தெரியாத மனுஷனையா இப்படித் தேடறீங்க?” கவுன்டர் பெண் கண்ணைச் சிமிட்டினாள். “இந்தக் கதை உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவருக்குத் தெரியாமலா,” என்றாள் கேட் கீப்பர். அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மேம்பாலம் திறக்கிறார்கள். அன்றோடு கேட்டை மூடிச் சுவர் வைத்துவிடுவார்கள். அவளுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு ஸ்டேஷனில் வேலை போட்டிருந்தார்கள்.

“மறுநாளும் அந்த மனுஷன் ஹாரன் அடிப்பாரு. பதில் சொல்ல அங்க ஆள் இருக்காது. அதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு விஷயம் நேர்ல சொல்லியாகணும். இன்னைக்கு விட்டா விட்டதுதான்.”

என்ன விஷயம் என்று கவுன்டர் பெண் கேட்டதும் அவள் பார்வை டிரைவர்கள் மேசைக்குத் திரும்பியது. அந்த முகத்தைப் பார்த்தபிறகு கவுன்டர் பெண் கேலியை மூட்டை கட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டரைத் தான் கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்தாள். தன் கவுன்டரில் இருக்கும் மெஷின் எப்படியெல்லாம் மக்கர் செய்கிறது என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பேசியபடியே அவரைப் பணிமனையின் அந்தக் கோடிவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டரின் தலை மறைந்ததும் டிரைவர்கள் மேசையிலிருந்து ஒருவர் எழுந்தார். காதோரம் நரை விழத் தொடங்கியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

சொல்ல வேண்டியதை எத்தனையோ விடிகாலைகளில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

அதற்குள் அவரே முந்திக்கொண்டார். “குட்டி ஹாரன் அடிக்கிறது நான்தாம்மா. வாய்க்கால் கேட்டுலேர்ந்தா வரீங்க? உங்க வீட்டுக்காரர் வரலையா? அவரைப் பாக்கத்தான் நானும் வந்தேன்.”

“என்கிட்டச் சொல்லுங்க,” என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். “அந்த ஹாரன் எங்க அண்ணனோடதும்மா. அவர் தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. ‘கேட்டுல ஒருத்தர் இருக்காரு, ஹாரன் கேக்கலைன்னா தவிச்சுப் போயிடுவாரு, அந்த வண்டியை நீ கேட்டு வாங்கிக்கோ’ன்னு படுக்கையில கிடந்தப்போ சொன்னாரு. வாங்கிக்கிட்டேன். ஆனா அண்ணன் போயிட்டார்ங்கிறதை உங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க.”

கேட் கீப்பர் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கொடி சுத்துறது நான்தான் தம்பி, அவர் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கிட்டு,” என்றாள். “தெரிஞ்சா உங்க அண்ணன் நொந்து போயிடுவாரேன்னு நானும் சொல்லாமலே இருந்துட்டேன், இந்நேரம் ரெண்டு பேரும் அங்க நேர்ல பாத்துப் பேசிக்கிட்டிருப்பாங்க.”