மாதிரி நோயாளி

மருத்துவமனைத் தகவல்களுக்கான சர்வரை என் லேப்டாப்பிலேயே ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். மாதிரி நோயாளிக்கு என் மனைவி மஞ்சரியின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்திருந்தேன். ‘இறந்தவர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டபோது, பின்னால் காபியோடு வந்து நின்ற அவள் பார்த்துவிட்டாள். “அடப்பாவி, உனக்குக் காபி ஆத்திக் கொண்டாந்தா, என்னையே கொன்னுட்டியா?” “சும்மா டெஸ்ட்தான். இந்த லேப்டாப்பைத் தாண்டி எங்கேயும் போகாது” என்றேன். “சரி, வேலை முடிஞ்சதும் மறக்காம எழுப்பி விட்டுடு” என்று சிரித்தாள். வேலை முடிந்தது. மறந்துவிட்டேன். அவளுக்குக் காரியம் செய்து முடித்த மறுநாள் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த டிக் அப்படியே இருந்தது. எடுத்தேன். சர்வர் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இந்த முறை அது லேப்டாப்பைத் தாண்டிப் போகவில்லை.