ஒற்றைக் குழல்

“எதிர்ல யானையே வந்து நின்னாலும் இதுல தெரியாதே. இத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டு என்னத்தைப் பாத்தீங்க?”

பைனாகுலரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள் கம்பெனிக்காரம்மா.

அந்த வனச்சரகத்தில் காவலர்கள் அத்தனை பேருக்கும் பைனாகுலரைச் சும்மா செய்து கொடுத்தது அவளுடைய கம்பெனிதான். கொடுத்ததோடு கைகழுவி விடவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் ஆள் அனுப்பி, கழற்றித் துடைத்து, பழுதும் பார்த்துத் தருவார்கள். இந்த வருஷம் வந்தவளுக்கு வேலை தெரிந்த கை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

எதிரே நின்றவரைக் கோபுரத்தார் என்பார்கள். ஏரிக்கரைக் கண்காணிப்புக் கோபுரத்தில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர். அக்கரையில் எவனாவது மானுக்குக் கண்ணி வைக்கக் குனிந்தால் போதும், நிமிர்வதற்குள் வயர்லெஸ்ஸில் தகவல் போய்விடும்.

“நல்லாத்தானேம்மா தெரியுது” என்றார்.

“இடது குழல் பளிங்கு மாதிரி இருக்கு. வலது குழல்ல உள்ள பூரா பூஞ்சை. ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

வலது பக்கம் மங்கிப்போன சங்கதியே கோபுரத்தாருக்கு இப்போதுதான் தெரியும்.

எப்படித் தெரியும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணியில் மாட்டிய ஒரு மானை விடுவிக்கப் போய், முள் குத்தி, வலது கண்ணில் பார்வை போய்விட்டது. வெளியூரில் போய் வைத்தியம் பார்த்தும் திரும்பவில்லை. பார்க்க நல்ல கண் மாதிரியே இருக்கும். சம்சாரத்தைத் தவிர வேறு யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

கண் சரியில்லாத ஆளைக் காவலுக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். தெரிந்தால் அன்றைக்கே வேலை போச்சு. ரேஞ்சரோ, சட்டப் புத்தகத்துக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி ஆள்.

“மறந்துட்டேம்மா.”

“மறக்கறதுக்கு இதென்ன குடையா?”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை அவருக்கு வலது பக்கமாக நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

“அண்ணே, உங்ககிட்டதான் நீட்டறாங்க” என்று இடித்தார் பக்கத்தில் நின்ற ஜீப் ஓட்டுபவர்.

அவள் எழுந்தாள். நேராக ரேஞ்சர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“போட்டுக் குடுக்கப் போயிருக்குண்ணே” என்றார் ஜீப்காரர். “ஓசியில ஒண்ணைக் குடுத்துட்டா, நம்ம தலைமேலயே ஏறி உக்காந்துக்கலாம்னு நெனப்பு.”

கோபுரத்தார் காதில் அது விழவில்லை. வீட்டுக்குப் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். இந்த வயசில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

“உள்ள வாய்யா.”

ரேஞ்சர் குரல். போனார். ரேஞ்சர் பைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அவங்க குடுத்த பொருளை வெச்சிருக்கற லட்சணமாய்யா இது? இனிமே உனக்குப் பைனாகுலர் கிடையாதுங்கறாங்க. நானும் சரின்னுட்டேன்.”

“ஐயா, வந்து...”

“வந்தும் இல்ல, போயும் இல்ல. பதிலுக்கு என்ன குடுக்கறாங்களோ, வாயை மூடிக்கிட்டு வாங்கிக்க.”

அவள் பையைத் திறந்து எடுத்தாள். கைக்கடக்கமாக ஒரே ஒரு குழல். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வார்.

“இதுல ஒரு கண்ணாலதான் பாக்க முடியும். எந்தக் கண்ணுங்கறது உங்க இஷ்டம்” என்றாள்.

கோபுரத்தார் ஜன்னலோரம் போய் இடது கண்ணில் வைத்துப் பார்த்தார். அக்கரை நாணலுக்குள் நீர்நாய் ஒன்று மீனைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் மீசையை எண்ணலாம் போலிருந்தது. அப்புறம் அவருக்கு எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. அது குழலின் குற்றமில்லை.

வெளியே வந்தால் ஜீப்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு குழல், உங்களுக்கு மட்டும் ஒண்ணா? என்னண்ணே அவமானம் இது? நான் போய் ரேஞ்சர்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரட்டுமா?”

“நீ சும்மா இரு. அதுவே எனக்குப் பெரிய உபகாரம்.”

கம்பெனிக்காரம்மா வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமில்லாத சமயமாகப் பார்த்துப் போனார் கோபுரத்தார்.

“தெரிஞ்சும் ரேஞ்சர்கிட்ட சொல்லாம விட்டீங்களேம்மா. எங்க வீட்டுல அடுப்பு எரியறவரைக்கும் உங்களை நெனச்சுக்குவோம்.”

“நான் என்னண்ணே செஞ்சேன்? இது கடையில விக்கிற சரக்கு இல்ல. இடது கண்ணுக்குத் தோதா, எங்க முதலாளி பக்கத்துலயே நின்னு செய்ய வெச்சது.”

“முதலாளியா? அவருக்கு எப்படிம்மா என்னைத் தெரியும்?”

அவள் ரேஞ்சர் அறை ஜன்னலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா நீங்க ஆள் மாத்தி நன்றி சொல்லிக்கிட்டு நிக்கறீங்களே. ஆறு மாசத்துக்கு முன்னாடி எங்க முதலாளிக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. ‘எங்க காவலர்ல ஒருத்தருக்கு வலது கண் போயிடுச்சு. மிச்சம் இருக்கற ஒரு கண்ணு பத்துப் பேருக்குச் சமம். பேரை எழுதினா அது ஆபீஸ் காகிதமாயிடும், அப்புறம் நானே அவரை வேலையை விட்டு எடுக்கணும். அதனால ஆளை நீங்களே வந்து கண்டுபிடிச்சு, அவர் மனசு நோகாம ஏதாவது செஞ்சு குடுங்க’ன்னு எழுதியிருந்துச்சு. கீழ, உங்க ரேஞ்சர் கையெழுத்து.”