சுவர் விடாத முகூர்த்தம்

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஜோசியர் நாள் குறித்தால் மட்டும் போதாது. ஊருக்கு மின்சாரம் தரும் அணு இணைவு உலையின் சுவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த எஃகுச் சுவர் மாதக்கணக்கில் ஹைட்ரஜனைக் குடித்துக் குடித்து விரிசல் விடும் நிலைக்கு வந்துவிடும். அப்போது உலையை நிறுத்தி, குடித்ததை எல்லாம் கக்கும்வரை சுவரைச் சூடாக்குவார்கள். அத்தனை நாளும் ஊருக்கு மின்சாரம் கிடையாது.

ஊருக்கெல்லாம் அந்த நாட்களைச் சொல்லும் பொறியாளர் நிறைமதி, தன் கல்யாணத்துக்காக ஐந்து நாள் வேலையை நான்கே நாளில் முடித்துவிடலாம் என்று நம்பினாள். சுவருக்கு அந்த அவசரம் இல்லை. முகூர்த்த நாள் காலையிலும் அவள் பட்டுப்புடவையோடு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தாள். பாதியில் எழுந்து போனால் சுவர் பிளந்துவிடும்.

மாப்பிள்ளையின் அம்மா போனில் அழைத்தாள்.

"அத்தை, இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும். மண்டபத்துலயும் கரண்ட் இருக்காது. கல்யாணத்தைத் தள்ளி வச்சிடலாமா?" நிறைமதிக்கு அழுகை முட்டியது.

"எதுக்குடி தள்ளணும்? தாலியை என்ன பிளக்குலயா மாட்டப் போறான்? நாதஸ்வரத்தோட உலை வாசல்லதான் நிக்கிறோம். கதவைத் திறக்கச் சொல்லு!"

காவலாளி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டி உள்ளே அனுப்பினார்.